ஆர்சி ஃபைலில் மெனு: இன்னும் ஆறாத ஒரே எரிச்சல்

விண்டோஸுக்கு ஒரு சின்ன மென்பொருள் எழுதப்போகும் நண்பர், மெனுவை ஆர்சி ஃபைலிலேயே (மெனு, ஐகான் போன்றவற்றை நிரலுக்கு வெளியே எழுதிவைக்கும் ரிசோர்ஸ் ஃபைல்) வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். சி++, எம்எஃப்சி (விண்டோஸ் மென்பொருள் எழுத மைக்ரோசாஃப்ட் தரும் சி++ நூலகம்) என்று பல வருடமாக என் பிழைப்பே இதில்தான் ஓடுகிறது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அதில் மெனு எழுதத் தேவை இவ்வளவுதான்: பாப்அப் (விரியும் மெனு), மெனுஐட்டம் (அதிலுள்ள வரி), செபரேட்டர் (பிரிக்கும் கோடு), ஒவ்வொரு மெனுஐட்டத்துக்கும் ஒரு ஐடி (அடையாள எண்). கற்றுக்கொள்ள ஒரு மாலைப்பொழுது போதும். தொண்ணூறுகளில் யாரோ எழுதிவைத்த மெனு, மைக்ரோசாஃப்டின் நிரல் எழுதும் கருவியான இன்றைய விஷுவல் ஸ்டூடியோவிலும் கை வைக்காமலே கம்பைல் ஆகிறது. இப்படி நிலைத்து நிற்கும் விஷயம் நம் தொழிலில் அபூர்வம்.

அந்த ஐடிதான் இதன் அழகே. சேவ் என்பதற்கு ஒரு ஐடி கொடுத்துவிட்டால் மெனுவில் க்ளிக் செய்தாலும், டூல்பார் பட்டனை அழுத்தினாலும், கீபோர்டில் தட்டினாலும் ஒரே டபிள்யூஎம்-கமாண்ட் மெசேஜ்தான் (இந்தக் கட்டளை தேர்வானது என்ற அறிவிப்பு) வரும். ஒரே ஃபங்ஷன் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும். அதே ஐடிக்கு ஸ்ட்ரிங் டேபிளில் (ஆர்சி ஃபைலிலுள்ள வாசகப் பட்டியல்) ஒரு வரி எழுதிவைத்தால், எம்எஃப்சி அதை ஸ்டேட்டஸ் பாரில் தானாகவே காட்டும். முதல்முறை பார்த்தபோது அசந்துபோனேன், இன்றும் பிடிக்கும்.

ஆனால் மெனுவில் தெரியும் ஷார்ட்கட் எழுத்து மட்டும் இந்தக் குடும்பத்தில் சேரவே இல்லை.

மெனுவில் "சேவ்" என்று எழுதி, ஒரு டேப் குறி போட்டு, பக்கத்தில் "கன்ட்ரோல்+எஸ்" என்று எழுதுகிறோம் அல்லவா? அது வெறும் எழுத்து. திரையில் வலப்பக்கம் தெரியும், அவ்வளவுதான். உண்மையான ஷார்ட்கட், எந்த விசைக்கு எந்த ஐடி என்று சொல்லும் ஆக்சலரேட்டர் டேபிளில் தனியாக இருக்கிறது. இரண்டும் முரண்பட்டால் கம்பைலர் ஒரு வார்னிங்கூடத் தராது. போன மாதம் பழைய பில்லிங் மென்பொருள் ஒன்று கைக்கு வந்தது. "சேவ் ஆஸ்" பக்கத்தில் கன்ட்ரோல்+ஷிஃப்ட்+எஸ் என்று இருக்கிறது. அழுத்தினால் ஒன்றும் நடக்கவில்லை. டேபிளில் அதே ஐடிக்கு எஃப்12 உட்கார்ந்திருந்தது. பயன்படுத்துகிறவர் பாவம், தன் கீபோர்டு பழுது என்றே நினைத்திருக்கிறார்.

சரி, "டேபிளையும் மாற்று" என்று மெனு வரிக்கு மேலே ஒரு கமென்ட் எழுதிவைக்கலாம் என்றால், விஷுவல் ஸ்டூடியோவின் ரிசோர்ஸ் எடிட்டர் ஃபைலைச் சேமிக்கும்போது கமென்ட்டை அழித்துவிடுகிறது. அடுத்து வருகிறவருக்கு எச்சரிக்கை சொல்லக்கூட இடமில்லை.

தமிழ் மெனுவும் வேண்டுமென்றால் சிக்கல் இரட்டிப்பு. தமிழுக்கு ஆன்சி கோட்பேஜ் (விண்டோஸின் பழைய, மொழிவாரி எழுத்துக் குறியீட்டு அட்டவணை) கிடையாது. ஃபைலை யுடிஎஃப்-16 போன்ற யுனிகோட் வடிவில் வைக்காவிட்டால் எழுத்தெல்லாம் கேள்விக்குறியாகிவிடும். அதைச் சரிசெய்த பிறகும், தமிழ் மெனு தனிப் பிரதி என்பதால் ஷார்ட்கட் எழுத்தை அங்கேயும் கையால் மாற்ற வேண்டும். ஆங்கிலத்தில் திருத்தியது தமிழில் பழையபடியே கிடப்பதை எத்தனையோ ப்ராஜெக்ட்டில் பார்த்துவிட்டேன்.

இது தீர்க்க முடியாத பிரச்சினையும் இல்லை. 2002இல் வந்த விண்டோஸ் ஃபார்ம்ஸில் (மைக்ரோசாஃப்டின் டாட்நெட்டில் திரை அமைக்கும் நூலகம்) ஷார்ட்கட்டை ஓரிடத்தில் கொடுத்தால் போதும். வேலையும் செய்யும், மெனுவிலும் தெரியும். சி++இல் திரை அமைக்கும் இன்னொரு நூலகமான க்யூடியிலும் அப்படித்தான்.

இத்தனை எரிச்சலுக்குப் பிறகும் என் வேலைக்கு ஆர்சி ஃபைலைத்தான் எடுப்பேன், அந்த ஐடிக்காக. ஆனால் நண்பரிடம் க்யூடி பக்கம் போகச் சொல்லிவிட்டேன். அவருடைய மென்பொருளைப் பயன்படுத்தப்போகிறவர்கள் முழுக்க கீபோர்டிலேயே பில் போடுகிறவர்கள்.