அல்சூர் மெஸ்ஸுக்கு மொத்தக் கிடங்குச் சாமான்: எட்டு வருட அனுபவம்

பெங்களூர் அல்சூரில் நானும் என் வீட்டுக்காரரும் ஒரு சின்ன மெஸ் நடத்துகிறோம். தினம் நாற்பது சாப்பாடு. எட்டு வருடமாக மளிகை முழுக்க மொத்தக் கிடங்கில்தான், அதாவது வியாபாரிகளுக்கு மொத்தமாக விற்கும் பெரிய கடையில். பெங்களூருக்கு இந்த வகைக் கடை புதிதல்ல. மெட்ரோ என்ற ஜெர்மன் நிறுவனம் இந்தியாவில் முதல் கிடங்கைத் திறந்ததே இங்கேதான், 2003இல். 2023இல் அதன் இந்திய வியாபாரம் ரிலையன்ஸ் கைக்குப் போனது. நான் எங்கே போகிறேன் என்று பெயர் சொல்லப் போவதில்லை. எந்தக் கிடங்குக்குப் போகிறவருக்கும் இந்த அனுபவம் உதவும்.

அமெரிக்காவில் காஸ்ட்கோ என்ற கிடங்குக் கடையில் வருடச் சந்தா கட்டினால் வீட்டுக்காக வாங்குகிறவரும் உள்ளே போகலாம். இங்கே வெளிநாட்டு முதலீட்டு விதி மொத்த வியாபாரத்தையும் சில்லறையையும் தனித்தனியாக வைத்திருந்ததால், வியாபாரிகளுக்குத்தான் உள்ளே போக அட்டை என்ற வழக்கம் வந்தது. எங்களிடம் மாநகராட்சி (பிபிஎம்பி) டிரேட் லைசென்ஸ் இருந்தது, காட்டினோம், அட்டை கொடுத்தார்கள். சந்தா எதுவும் கேட்கவில்லை.

லாபம் எங்கே என்றால் அரிசி, எண்ணெய், பருப்பு. தினம் அடுப்பேறுகிற சாமான். 2022 ஜூலை 18 முதல் 25 கிலோ வரை பையில் அடைத்து லேபிள் ஒட்டிய அரிசிக்கு 5 சதவீத ஜிஎஸ்டி வந்தது. 25 கிலோவைத் தாண்டிய மூட்டைக்கு வரி கிடையாது. கொஞ்ச நாளிலேயே 26 கிலோ மூட்டைகள் அடுக்கில் ஏறிவிட்டன. சோனா மசூரியை நான் அந்த மூட்டையில்தான் எடுக்கிறேன். வந்ததும் டிரம்மில் கொட்டி, நடுநடுவே வசம்புத் துண்டு போட்டு மூடிவிட்டால் இரண்டு மாதம் வண்டு எட்டிப் பார்க்காது.

விலை அட்டையை நின்று படியுங்கள். பெரிய எழுத்தில் இருப்பது வரி சேர்க்காத விலை. வரியோடு உள்ள விலை அதன் கீழே சின்னதாக இருக்கும். ஒன்று எடுத்தால் ஒரு விலை, மூன்று எடுத்தால் ஒரு விலை, ஆறு எடுத்தால் இன்னொன்று. மிளகும் ஏலக்காயும் எங்கள் தெருக் கடையிலேயே மலிவாகக் கிடைத்த மாதங்கள் உண்டு. கிலோவுக்கு எவ்வளவு என்று கணக்குப் போடாமல் வண்டியில் வைக்காதீர்கள்.

உயர்ந்த சரக்கு வேறு கதை. 5 லிட்டர் ஆலிவ் எண்ணெய் டின், மெட்ஜூல் பேரீச்சைப் பெட்டி, கிலோ கணக்கில் சீஸ் கட்டி என்று கண்ணைப் பறிக்கும். விலையும் நல்ல விலைதான். ஆனால் ஒரு வீட்டில் ஆலிவ் எண்ணெய் 5 லிட்டர் தீர எத்தனை மாதம்! டின்னைத் திறந்த நாளிலிருந்து மணம் இறங்கிக்கொண்டே போகும். பாதாமை மட்டும் தீபாவளிக்கு நாலு வீடு சேர்ந்து 5 கிலோ வாங்கிப் பங்கு போடுவோம். எதிர் வீட்டு அக்கா தராசோடு வந்துவிடுவார்.

அப்படித்தான் ஒரு வருடம் அக்ரூட்டும் வாங்கினோம், இரண்டு கிலோ. காற்றெடுத்த பை, தேதி எல்லாம் சரி. இரண்டாம் நாள் கத்தரித்ததும் காறல் வாடை. பருப்பின் மேல்தோல் கறுத்திருந்தது, கடித்தால் கசப்பு. ரசீதோடு கவுண்டருக்குப் போனேன். “பிரித்த உணவுப் பொருளைத் திரும்ப எடுக்க மாட்டோம், மேடம்” என்றார் அந்தப் பையன். பிரிக்காமல் கெட்டதென்று எப்படித் தெரியும்? எனக்கு அன்றைக்கு அழுகையே வந்துவிட்டது. அதில் மூன்று வீட்டுப் பணமும் இருந்ததே.

வீட்டுக்கு வந்து சட்டத்தைப் படித்தேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளை ரசீதில் போட்ட கெடுவுக்குள் திரும்ப எடுத்துப் பணம் தராவிட்டால் அது முறையற்ற வணிகம். கெடு போடவில்லை என்றால் 30 நாள். அப்புறம், வியாபார நோக்கத்துக்கு வாங்கினவர் நுகர்வோர் கணக்கில் வர மாட்டார். சுயதொழிலாகப் பிழைப்புக்கு மட்டும் வாங்கினவருக்கு அதில் விலக்கு உண்டு. கடை அட்டை வைத்திருப்பவர்களுக்கு இந்த விதி ரொம்ப முக்கியம். சந்தேகமிருந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் கேட்கலாம்.

பை, பேட்ச் எண், கறுத்த பருப்பு எல்லாவற்றையும் படம் பிடித்து மேலாளருக்கு எழுதிக் கொடுத்தேன். மூன்று வாரம் கழித்து கிரெடிட் நோட் வந்தது. பணமாக வரவில்லை.

நியூஜெர்சியில் இருக்கும் என் நாத்தனாருக்கு இது நம்பவே முடியவில்லை. காஸ்ட்கோவில் பெரும்பாலான பொருளுக்குக் கெடுவே இல்லை, டிவி, கணினி மாதிரியானவற்றுக்கு 90 நாள். அவர்கள் விற்கும் தங்கக் கட்டி மாதிரி சிலவற்றைத்தான் திரும்ப எடுக்க மாட்டார்கள். இங்கே மிக்ஸி கெட்டால்கூட கம்பெனி சர்வீஸ் சென்டருக்குப் போகச் சொல்கிறார்கள்.

இப்போது ரசீதைக் கையில் வாங்கியதும் படம் எடுத்துவிடுகிறேன். அந்த வழவழத் தாளில் எழுத்து இரண்டு மாதத்தில் மங்கிவிடுகிறது. பருப்பு வகையாக இருந்தால் பில் போட்டதும் கவுண்டர் பக்கத்திலேயே ஒரு பையைக் கத்தரித்து முகர்ந்து பார்க்கிறேன். போன தீபாவளிக்கு எதிர் வீட்டு அக்காவே சின்னக் கத்தரிக்கோல் கொண்டு வந்தார். பாதாம் நன்றாக இருந்தது.