எதிர்ம மார்ஜினைக் கண்முன் காட்டும் ஃபயர்பாக்ஸ் லேஅவுட் பலகம்

இணையப் பக்கத்தில் தலைப்பு, பத்தி, படம் போன்ற ஒவ்வோர் உறுப்பும் ஒரு பெட்டிதான். அந்தப் பெட்டியை இடம் மாற்ற, பக்கத்தின் தோற்றத்தை வரையறுக்கும் மொழியான சிஎஸ்எஸ் பல வழிகளைத் தருகிறது. அவை எங்கே வேறுபடுகின்றன என்பது நிரலை வாசிப்பதால் மட்டும் பிடிபடுவதில்லை. ஃபயர்பாக்ஸ் உலாவியில் பக்கத்தின் அமைப்பை ஆராய உதவும் இன்ஸ்பெக்டர் கருவியில் உள்ள லேஅவுட் பலகம் அந்த வேறுபாட்டைக் கண்ணுக்கு நேரே காட்டுவதால், பக்க வடிவமைப்பைக் கற்கத் தொடங்கும் எவருக்கும் அதையே முதலில் பரிந்துரைப்பேன்.

பெட்டியைத் தேர்ந்தெடுத்ததும் அதன் பாக்ஸ் மாடல் படம் பலகத்தில் தோன்றும்; பெட்டியின் உள்ளடக்கத்தையும், அதற்கு வெளியே விடப்படும் இடைவெளியான மார்ஜினையும் அது அளவுகளோடு காட்டும். மேல் மார்ஜினின் எண்ணைச் சொடுக்கிக் கீழ் அம்பு விசையை அழுத்தினால் மதிப்பு ஒவ்வொரு பிக்சலாகக் குறையும். ஷிஃப்ட் விசையையும் சேர்த்தால் பத்துப் பத்தாக இறங்கும். பூஜ்யத்தைக் கடந்து எதிர்ம எண்ணுக்குள் சென்றதும் அந்தப் பெட்டி மேலேறி முந்தைய பெட்டியின்மேல் படிய, அதற்கு அடுத்து வருபவையும் கூடவே ஏறுகின்றன. மாறாக, மார்ஜினைத் தொடாமல் பெட்டி நிலைகொள்ளும் முறையைக் குறிக்கும் பொசிஷனை ரிலேட்டிவ் (தன் இயல்பான இடத்திலிருந்து நகர்வது) ஆக்கி, டாப் மதிப்பை -40 பிக்சல் என்று வைத்தால், பெட்டி மட்டும் நகர்கிறது. அது விட்டுச்சென்ற இடம் வெறுமையாகவே நிற்க, பின்னால் உள்ளவை அசைவதில்லை. இந்த ஓர் ஒப்பீட்டுக்காகவே கருவியைத் திறந்து பார்க்கலாம். அகலம் குறிப்பிடாத பிளாக் பெட்டிக்கு (கிடைக்கும் அகலம் முழுவதையும் நிரப்பும் பெட்டி) இடமும் வலமும் எதிர்ம மார்ஜின் கொடுத்தால் அது நகராமல் இருபுறமும் விரிவதையும் அப்படியே காணலாம்.

மேலே படிந்த பெட்டியின் பின்னணியையும் மீறி முந்தைய பெட்டியின் எழுத்துகள் தெரியும்போது, பலர் உடனே எந்தப் பெட்டி மேலே தெரிய வேண்டும் என்று சொல்லும் இசட்-இண்டெக்ஸ் எழுதுகிறார்கள். பொசிஷன் ஸ்டாட்டிக் (இயல்புநிலை) ஆக இருக்கும் சாதாரணப் பெட்டியில் அது செல்லாது. ஃபயர்பாக்ஸ் அந்த வரியை மங்கலாக்கி, அருகே ஒரு தகவல் குறியை வைத்து, ஏன் செல்லவில்லை என்ற காரணத்தையும் சொல்லிவிடுகிறது. இது எனக்கு மிகவும் பிடித்த வசதி. பொசிஷன் அப்சல்யூட் ஆக இருக்கும், அதாவது மற்றவற்றின் வரிசையிலிருந்து விலகி நிற்கும் பெட்டிகளுக்கு எந்தப் பெற்றோர் பெட்டியிலிருந்து தூரம் அளக்கப்படுகிறது என்பதும் பலகத்திலேயே தெரிகிறது.

ஒரு குறை உண்டு. செங்குத்து மார்ஜின்கள் ஒன்றோடொன்று இணையும்போது கிடைக்கும் இறுதி இடைவெளியைப் பலகம் காட்டுவதில்லை. மேற்பெட்டியின் கீழ் மார்ஜின் 30 பிக்சலாகவும் கீழ்ப்பெட்டியின் மேல் மார்ஜின் -10 பிக்சலாகவும் இருந்தால் இடைவெளி 20 பிக்சல். இரண்டையும் தனித்தனியே தேர்ந்தெடுத்து நாமேதான் கணக்கிட வேண்டும். உறுப்புகளை வரிசையாகவோ கட்டங்களாகவோ அடுக்கும் ஃப்ளெக்ஸ், கிரிட் கொள்கலன்களின் நேரடி உறுப்புகளுக்கிடையே மார்ஜின்கள் இணைவதில்லை என்பதால், அங்கு இந்தத் தொல்லை இல்லை.