கொரியா ரூட்டா, ஜெர்மனி ரூட்டா?

ஒரு நாட்டு பொருளாதாரத்த நாலஞ்சு ராட்சச கம்பெனி தாங்குறது நல்லதா, இல்ல சின்ன சின்ன ஊர்ல இருக்குற ஆயிரக்கணக்கான நடுத்தர கம்பெனியா? தென்கொரியா மொத ரூட்டு. சாம்சங், ஹூண்டாய் மாதிரி குடும்ப குழுமங்களுக்கு அரசாங்கமே கடன், சலுகைன்னு கொடுத்து தூக்கிவிட்டுச்சு, வேகத்துல அடிச்சிக்க ஆளில்ல. ஆனா 1999ல டேவூங்குற பெரிய குழுமம் விழுந்தப்போ நாடே ஆடிச்சு, இன்னைக்கும் மக்கள்தொகைல பாதி சியோல சுத்தியே கெடக்குது.

ஜெர்மனிலயும் ஃபோக்ஸ்வாகன் மாதிரி பெருசுங்க இருக்கு, ஆனா முதுகெலும்பு மிட்டல்ஸ்டாண்ட்தான், அதாவது அந்த நடுத்தர கம்பெனிங்க. ஷ்வானாவ்னு ஒரு குட்டி ஊரு, அங்க இருக்குற ஹெரென்க்னெக்ட் கம்பெனியோட மெஷினுங்கதான் சுவிட்சர்லாந்துல 57 கிமீ கோட்ஹார்ட் ரயில் சுரங்கத்துல பெரும்பகுதிய குடைஞ்சுது. ஓபர்கோஹன்ங்குற ஊர்ல ஸைஸ் கம்பெனி, சிப் செய்யுற மெஷினுக்காக செய்யுற கண்ணாடி இல்லன்னா சாம்சங்கோட லேட்டஸ்ட் சிப்பே வராது (ஸைஸ் இப்போ நடுத்தரம் இல்ல, செம பெருசு, ஆனா ஊரு இன்னும் சின்னதுதான்). ஒரே ஒரு பொருள எடுத்துக்கிட்டு அத உலகம் பூரா விக்குறது, ஷ்பார்காஸன்னு சொல்லுற உள்ளூர் சேமிப்பு பேங்க்ல கடன், பசங்க வாரத்துல கொஞ்ச நாள் ஸ்கூல் மிச்ச நாள் ஃபேக்டரின்னு தொழில் கத்துக்குறது, அதனால வேலைக்காக ஊர விட்டு ஓட வேண்டியதில்ல.

என் ஓட்டு ஜெர்மனிக்குத்தான். ஆனா சிப் ஃபேக்டரி மாதிரி பல்லாயிரம் கோடி ஒரே நேரத்துல கொட்டுற வேலைக்கு இந்த மாடல் சரிப்படாது, அதுக்கு கொரியா ரூட்டுதான். அப்புறம் ஓனருக்கு வயசாகி பசங்க கம்பெனிய எடுக்க மாட்டேன்னா என்ன பண்றது, ஜெர்மனில இப்போ பெரிய தலைவலியே அதுதான்.