வீட்டில் பீர், சைடர், ஒயின்: எந்தக் கருவி நாள்பட உழைக்கிறது

வீட்டில் பீரோ ஒயினோ செய்யத் தொடங்குவோருக்கு விற்கும் ஆரம்பப் பெட்டியில் வரும் சாமான்களை முதல் மாதத்தில் எடைபோட முடியாது. புதிதாக இருக்கும்போது எல்லா வாளியும் பளிச்சென்றுதான் இருக்கும், எல்லா ரப்பரும் இறுக்கமாகத்தான் பிடிக்கும். ஓராண்டு, ஈராண்டு விடாமல் புழங்கிய பிறகுதான் எது உழைத்தது, எது பரணுக்குப் போனது என்று தெரிகிறது. நெடுநாள் புழக்கத்தில் நிலைத்த அளவுகோல் ஒன்றுதான்: முழுவதும் கழற்றி, உட்புறத்தைக் கண்ணால் பார்த்துக் கழுவ முடிகிற பொருள் நம்பகமானது. அப்படி முடியாத பொருள் என்றாவது ஒருநாள் வாளி முழுவதையும் புளிக்க வைத்துவிடும். கீழே சொல்வது 20 முதல் 23 லிட்டர் அளவில் செய்பவர்களுக்கு.

உணவுத் தர ஹெச்டிபிஇ பிளாஸ்டிக் வாளி தொடங்குவதற்குப் போதும், பலருக்குக் கடைசி வரையிலும் போதும். கை உள்ளே போகும், மூலைமுடுக்கெல்லாம் தெரியும், கைதவறி விழுந்தாலும் உடையாது. அதற்கு எமன் கீறல். பச்சை நாரோ கம்பி நாரோ ஒருமுறை பட்டால் அந்தக் கோட்டுக்குள் புளிக்கவைக்கும் பாக்டீரியாவான லாக்டோபாசில்லஸும் காட்டு ஈஸ்டும் தங்கிவிடும், சானிடைசர் அங்கே எட்டாது. மென்மையான துணியோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். மேலே ஒட்டிக் காய்ந்த நுரை வளையத்தைச் சுரண்டத் தேவையில்லை. லிட்டருக்கு 4, 5 கிராம் சோடியம் பெர்கார்பனேட்டை வெந்நீரில் கரைத்து விளிம்பு வரை நிரப்பி, இரவு முழுக்க விட்டால் தானாக உரிந்து வரும். வாளியின் மூடி அவ்வளவு இறுக்கமாக மூடாது. ஏர்லாக்கில் (நொதிப்பு வாயுவை வெளியே விடும் நீர்ப் பூட்டு) குமிழி வரவில்லையே என்று கவலைப்படுவதற்கு முன் மூடியின் விளிம்பைப் பாருங்கள். வாயு அங்கே கசிந்து வெளியேறினால் ஏர்லாக் அசையாது, ஆனால் நொதிப்பு நன்றாகவே நடந்துகொண்டிருக்கும்.

வாளியின் அடியில் இருக்கும் பிளாஸ்டிக் குழாய்க்குத் தனிக் கவனம் வேண்டும். பெரும்பாலோர் அதைத் திறந்து சானிடைசரை ஓடவிட்டால் வேலை முடிந்தது என்று விட்டுவிடுகிறார்கள். அது இரண்டு துண்டு: வெளியே ஓர் உறை, உள்ளே திருகும் உருளை. இரண்டுக்கும் இடையில் ஒரு மெல்லிய சந்து. ஒவ்வொரு முறை திறக்கும்போதும் மூடும்போதும் அந்தச் சந்துக்குள் கொஞ்சம் பீர் இறங்குகிறது, அங்கேயே காய்கிறது. குழாயை வெந்நீரில் சில நிமிடம் போட்டு, பின்பக்கத்திலிருந்து மழுங்கிய மரக்கட்டையால் அழுத்தினால் பெரும்பாலான மாதிரிகளில் உருளை தனியே கழன்று வரும். கழற்றாமல் பல மாதம் புழங்கிய குழாயில் பழுப்பு நிறத்தில் பிசுபிசுப்பான ஒரு படலம் இருக்கும், முகர்ந்தால் காடி வாடை அடிக்கும். பீர் இந்த இடத்தைத் தொடுவது பாட்டிலில் ஊற்றும்போதுதான். அதனால் ஃபெர்மென்டரில் (நொதிக்கும் பாத்திரத்தில்) ருசி பார்த்தபோது குறையில்லாத பீர், பாட்டிலில் சில வாரம் கழித்துப் புளித்து, மூடியைத் திறந்ததும் பொங்கி வழிந்தால் முதல் சந்தேகம் இந்தக் குழாய்மேல் விழ வேண்டும். ஒவ்வொரு முறையும் கழற்றிக் கழுவி, திரும்ப மாட்டியதும் தண்ணீர் நிரப்பி அரை மணி நேரம் சொட்டுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வோர்ட்டை (இன்னும் நொதிக்காத மால்ட் சாற்றை) ஊற்ற வேண்டும்.

கண்ணாடிக் கார்பாய் (குறுகிய கழுத்துள்ள பெரிய குடுவை) ஒயினுக்கும், ஆப்பிள் சாற்று மதுவான சைடருக்கும் அருமையானது, பீருக்கு அவசியமில்லை. ஆக்சிஜன் அதன் வழியே ஊடுருவாது, கீறல் விழாது, மாதக் கணக்கில் வைக்கலாம். ஆனால் 23 லிட்டர் நிறைந்த கார்பாய் 30 கிலோ அளவுக்குக் கனக்கும். கழுத்தில் மாட்டும் உலோகக் கைப்பிடி காலிக் கார்பாயைத் தூக்கத்தான். நிறைந்ததைத் தூக்க அடியோடு தாங்கும் பட்டை வேண்டும். சூடான திரவத்தை ஊற்றினாலோ, குளிர்ந்த கல் தரையில் பட்டென்று வைத்தாலோ வெடிக்கும். பிஇடி பிளாஸ்டிக் கார்பாய் லேசானது, பாதுகாப்பானது, ஆனால் வெந்நீர் பட்டால் சுருங்கிப்போகும். துருப்பிடிக்காத எஃகு ஃபெர்மென்டர்தான் எல்லாவற்றிலும் நீடிப்பது. அதன் வால்வுக்கும் மேலே சொன்ன குழாய் விதி அப்படியே பொருந்தும். கூம்பு அடி உள்ள மாதிரி ஈஸ்ட்டை வெளியேற்ற வசதிதான், ஆனால் அந்த வசதி இல்லாததால் எந்தப் பீரும் கெட்டுவிடாது.

அடுத்து வாங்க ஒரே ஒரு பொருள்தான் என்றால் அது வெப்பநிலைக் கட்டுப்பாட்டுக் கருவி. பளபளப்பான கொதிகலனைவிட, பீருக்குக் கசப்பும் மணமும் தரும் விலை கூடிய ஹாப்ஸ் பூவைவிட, இதுதான் ருசியை மாற்றுகிறது. ஈஸ்ட் வேலை செய்யும்போது தானே சூட்டைக் கிளப்பும். அறை 22 டிகிரி என்றால் முதல் இரண்டு மூன்று நாட்களில் உள்ளே 25, 26 வரை போகலாம். அந்தச் சூட்டில் ஃபியூசல் ஆல்கஹால் உருவாகிறது. தொண்டையில் எரிச்சலாகத் தெரிவது அதுதான், பாட்டிலில் எத்தனை மாதம் வைத்தாலும் போகாது. பழைய குளிர்பெட்டி ஒன்று, அதை ஓடவிட்டு நிறுத்தும் இரட்டை முனைக் (குளிருக்கு ஒன்று, சூட்டுக்கு ஒன்று) கட்டுப்பாட்டுக் கருவி ஒன்று, சூடேற்ற ஒரு பட்டை. இவ்வளவே போதும். உணரியைப் பெட்டிக்குள் காற்றில் தொங்கவிடக் கூடாது. ஃபெர்மென்டரின் பக்கவாட்டில், திரவ மட்டத்துக்குக் கீழே, மேலே ஒரு துண்டு ஃபோம் வைத்து டேப்பால் ஒட்ட வேண்டும். காற்றில் தொங்கினால் கம்ப்ரசர் ஓயாமல் ஓடி நிற்கும், பீர் மட்டும் தன் பாட்டுக்குச் சூடாகும். கருவியில் வித்தியாசத்தை (எத்தனை டிகிரி விலகியதும் இயங்க வேண்டும் என்பதை) 0.5 முதல் 1 டிகிரி, கம்ப்ரசர் தாமதத்தை (நின்றது மறுபடி ஓடும்வரை உள்ள நேரத்தை) குறைந்தது 3 நிமிடம் என்று வைத்தால் குளிர்பெட்டியும் பிழைக்கும். யுஎஸ்-05 போன்ற ஏல் (மிதமான சூட்டில் நொதிக்கும் பீர்) ஈஸ்ட்டுக்கு 18 முதல் 20 டிகிரி. குளிரில் நொதிக்கும் லாகர் பீருக்கு டபிள்யூ-34/70 ஈஸ்ட் என்றால் 12 டிகிரி அளவில் தொடங்கி, இனிப்பு பெரும்பாலும் தீர்ந்ததும் 16 முதல் 18 வரை ஏற்றி இரண்டு நாள் விட வேண்டும். வெண்ணெய் வாடை தரும் டையசெட்டைலை அப்போதுதான் ஈஸ்ட் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். குளிர்பெட்டி இல்லாதவர்கள் ஃபெர்மென்டரைத் தண்ணீர்த் தொட்டியில் நிறுத்தி, உறைந்த பாட்டில்களைக் காலையும் மாலையும் மாற்றலாம். அலுப்பான வேலைதான், ஆனால் பலன் உண்டு; முதல் மூன்று நாள் விடாமல் செய்தாலே பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

நொதிப்பு முடிந்து குளிரவைக்கும்போது உள்ளிருக்கும் வாயு சுருங்கும். மூன்று துண்டு ஏர்லாக் போட்டிருந்தால் அதிலுள்ள திரவம் பீருக்குள் உறிஞ்சப்படும். எஸ் வடிவ ஏர்லாக்கில் காற்று மட்டுமே உள்ளே போகும், ஆனால் அதன் வளைவுக்குள் நுரை ஏறிக் காய்ந்தால் தேய்த்துக் கழுவ வழியில்லை. ஆகவே பொங்கும் நாட்களில் மூன்று துண்டு, பிறகு எஸ் வடிவம் என்று இரண்டையும் வைத்துக்கொள்வது நல்லது. கோதுமை பீர்போல் அதிகம் பொங்குவதற்கு முதல் சில நாட்கள் தடித்த குழாய் ஒன்றை நேராக ஒரு சானிடைசர் பாத்திரத்துக்குள் விட வேண்டும்.

சானிடைசரில் பாஸ்பாரிக் அமில வகையே வேலைக்கு எளிது. ஸ்டார் சான் என்றால் 19 லிட்டர் தண்ணீருக்கு 30 மில்லி, ஓரிரு நிமிட ஈரம், அலச வேண்டாம், நுரை இருந்தால் பாதகமில்லை. கடின நீரில் கலங்கிவிடும். தாதுக்கள் நீக்கிய நீரில் கலந்தால் வாரக் கணக்கில் வரும். பிஹெச் 3-க்குக் கீழே இருக்கும் வரை அது வேலை செய்யும், ஆகவே பிஹெச் தாள் ஒன்று கைவசம் இருப்பது லாபம். அழுக்கின்மேல் ஊற்றினால் எந்த சானிடைசரும் பயன் தராது.

திரவத்தின் அடர்த்தியைக் காட்டி, எவ்வளவு இனிப்பு மிச்சம் என்று சொல்லும் ஹைட்ரோமீட்டர் மலிவானது, அதே சமயம் தவிர்க்கவே முடியாதது. அளவுக் குழாயில் விட்டதும் ஒரு சுழற்று சுழற்ற வேண்டும். கண்ணாடியில் ஒட்டும் சின்னச் சின்னக் குமிழிகள் அதைத் தூக்கிப் பிடித்து, அளவை இரண்டு மூன்று புள்ளி (ஒரு புள்ளி 0.001) கூட்டிக் காட்டிவிடும். பெரும்பாலானவை 20 டிகிரிக்கு அளவிடப்பட்டவை. 40 டிகிரி வோர்ட்டில் ஏறக்குறைய 0.006 குறைத்துக் காட்டும். இன்னொன்று பலர் கவனிப்பதில்லை: உள்ளே இருக்கும் அளவுத் தாள் ஒட்டு விட்டு மெல்ல நழுவும். அவ்வப்போது 20 டிகிரித் தூய நீரில் விட்டு 1.000 காட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். ஒளி வளைவதைக் கொண்டு சர்க்கரையை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டர் இரண்டு சொட்டில் வேலையை முடிக்கும், ஆனால் ஆல்கஹால் சேர்ந்ததும் அதன் கணக்கு தப்பிவிடும். பாட்டிலில் அடைக்கலாமா என்ற முடிவை அதை நம்பி எடுப்பது ஆபத்து. ஆல்கஹால் கணக்கு சுலபம்: தொடக்க அளவிலிருந்து இறுதி அளவைக் கழித்து 131.25 ஆல் பெருக்கினால் சதவீதம். 1.050 இலிருந்து 1.010 என்றால் 5.25.

சைடரும் ஒயினும் செய்யக் கொதிகலன் எதுவும் வேண்டாம், பொறுமை வேண்டும். சாறு வாங்கும்போது சோடியம் பென்சோயேட்டோ பொட்டாசியம் சோர்பேட்டோ சேர்த்திருக்கிறதா என்று முதலில் படிக்க வேண்டும். அவை இருந்தால் ஈஸ்ட் பெருகாது. பிழிந்த சாற்றுக்கு 4.5 லிட்டருக்கு ஒரு கேம்ப்டன் மாத்திரையை (காட்டு ஈஸ்டையும் பாக்டீரியாவையும் அடக்கும் சல்ஃபைட்) பொடித்துப் போட்டு 24 மணி நேரம் கழித்து ஈஸ்ட். சாற்றைக் கலங்க வைக்கும் பெக்டினை உடைக்கும் பெக்டின் நொதியும் ஈஸ்ட்டுக்கு முன்பே போக வேண்டும், இல்லையென்றால் கலங்கல் எளிதில் தெளியாது. இசி-1118 ஈஸ்ட் 10 முதல் 30 டிகிரி வரை தாங்கும் என்பதால் வெப்பநிலைக் கட்டுப்பாடு இல்லாதவர்களுக்கு அதுவே தோது. ஆப்பிள் சாற்றில் நைட்ரஜன் குறைவு. நடுவில் அழுகிய முட்டை வாடை வந்தால் ஈஸ்ட்டுக்கு ஊட்டம் போதவில்லை என்று பொருள். இனிப்பாக நிறுத்த நினைத்து, ஓடிக்கொண்டிருக்கும் நொதிப்பில் சோர்பேட்டைப் போடுவதால் பயனில்லை. அது வேலை செய்யும் ஈஸ்ட்டை நிறுத்தாது, நின்று தெளிந்த பிறகு மறுபடி பெருகாமல் தடுக்கும், அவ்வளவே. நீண்ட காலம் வைக்கும் ஒயினில் இரண்டு எதிரிகள்: கழுத்தில் காற்றுக்கு விட்ட காலி இடமும் வற்றிப்போன ஏர்லாக்கும். மாதம் ஒருமுறை ஏர்லாக்கைப் பார்க்காதவர்கள் மூடி வைத்ததாக எண்ணிக்கொண்டு திறந்து வைத்திருக்கிறார்கள்.

பீரை ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு இழுக்கும் ஆட்டோ சைஃபன் குழாயை ஒருமுறை புழங்கியவர் பிறகு வாயால் உறிஞ்ச மாட்டார். அதன் உள் பிஸ்டனின் ரப்பர் தேயும்போது குழாயில் குமிழி வரிசையாக ஓடும். அது ஆக்சிஜன், ஹாப்ஸ் மணம் கூடிய பீரைச் சில வாரத்தில் அட்டைப்பெட்டி வாடைக்குக் கொண்டுவந்துவிடும். ரப்பரை மட்டும் மாற்றலாம். சூடான வோர்ட்டில் விட்டால் அக்ரிலிக் விரியும். வினைல் குழாயின் உட்சுவர் மங்கிவிட்டால் கழுவிப் பார்க்க வேண்டாம், மாற்றிவிடுங்கள்.

பாட்டிலிங்கில் ஸ்பிரிங் முனைக் குச்சி (பாட்டிலின் அடியில் அழுத்தினால் மட்டும் பீரை விடும் குழாய்) இருந்தால் வேலை பாதியாகிறது. விளிம்பு வரை நிரப்பி, குச்சியை வெளியே எடுத்தால் மேலே சரியான இடைவெளி தானே விழும். 20 டிகிரியில் நொதித்த பீருக்கு லிட்டருக்கு 6 கிராம் சர்க்கரை நடுத்தர நுரையைத் தரும். மூன்று நாள் இடைவெளியில் எடுத்த இரண்டு ஹைட்ரோமீட்டர் அளவும் ஒன்றாக இருந்தால்தான் அடைக்க வேண்டும். இல்லையென்றால் பாட்டில் வெடிக்கும், கண்ணாடிச் சில்லு எங்கே பாயும் என்று சொல்ல முடியாது. அழுத்தம் தாங்காத ஒயின் பாட்டிலில் நுரைக்கும் சைடரை ஒருபோதும் அடைக்கக் கூடாது. இரு கை மூடிக் கருவி 26 மில்லிமீட்டர் மூடிக்குப் போதும், ஆனால் அது பாட்டிலின் கழுத்து வளையத்தைக் கவ்விப் பிடிப்பதால் வளையம் குறுகலான பாட்டில்களின் கழுத்து முறியலாம். பல வடிவப் பாட்டில் புழங்குவோர் மேசைமேல் நிற்கும் நெம்புகோல் வகையை வாங்குவதே மேல். கம்பி மூடிப் பாட்டில்களில் ரப்பர் வளையம்தான் முதலில் போகும். விரலால் அழுத்தினால் கடினமாக இருந்தாலோ மடக்கினால் விரிசல் தெரிந்தாலோ மாற்ற வேண்டும். நுரையே இல்லாத ஒன்றிரண்டு பாட்டில்கள் அந்தத் தொகுதியில் கிடைத்தால் சர்க்கரைக் கணக்கைச் சந்தேகிக்கும் முன் அந்த வளையங்களைப் பாருங்கள்.