சௌராஸ்தா மாடியில் அட்டையில்லாப் புத்தகம்

பினாங்கு ரோட்டு சௌராஸ்தா மார்க்கெட்டுக்கு ஜாதிக்காய் ஊறல் வாங்கப் போகிறவர்களில் பலர் மாடி ஏறுவதே இல்லை. மேலே பழைய புத்தகக் கடைகள் இருக்கின்றன. அதில் உள்ளே தள்ளியிருக்கும் ஒரு கடையைப் பற்றித்தான் எழுதுகிறேன். காற்று வராது. இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் பின்வாங்க வேண்டும். எதிலும் விலை ஒட்டியிருக்காது. முகத்தைப் பார்த்துத்தான் சொல்வார்கள். ஆனால் எந்த அடுக்கில் எது கிடக்கிறது என்று பாய்க்கு அத்துப்படி.

எனக்கு பட்டர்வொர்த்தில் ஃபார்வர்டிங், அதாவது சரக்கு அனுப்பி வைக்கும் வேலை. சரக்குத் தகராறு என்றால் காது நீளும். "பழைய கப்பல் சட்டம் ஏதாவது இருக்கா பாய்?" என்றேன். அடியிலிருந்து ஒன்றை உருவினார்: டச்சு சட்ட அறிஞர் ஹ்யூகோ க்ரோஷியஸின் வாழ்க்கை வரலாறு, ஆங்கிலத்தில். 25 வெள்ளியாம் (ரிங்கிட்).

"அட்டையே இல்லையே பாய்."

"அட்டையையா தங்கச்சி படிக்கப் போற?"

18க்கு இறங்கினார்.

புத்தகத்துக்கு அது தகும், முதல் பாதிக்காகவே. 1603 பிப்ரவரியில் டச்சுத் தளபதி ஹேம்ஸ்கெர்க், ஜொகூர்க்காரர்கள் துணையோடு சிங்கப்பூருக்குக் கிழக்கே சாந்தா கத்தரீனா என்ற போர்த்துகீசியக் கப்பலைப் பிடிக்கிறார். சீனப் பட்டும் பீங்கானும் ஆம்ஸ்டர்டாம் ஏலத்தில் 30 லட்சம் கில்டருக்கு மேல் போயின. 1604இல் நீதிமன்றம் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி பக்கமே தீர்ப்பளித்தது. அப்புறமும் கம்பெனிக்கு ஊர் வாயை அடைக்க ஒரு வக்கீல் தேவைப்பட்டார். அவர்தான் இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த க்ரோஷியஸ். எழுதியதில் ஒரே ஓர் அத்தியாயம் 1609இல் பெயர் போடாமல் வெளிவந்தது: கடல் யாருக்கும் சொந்தமில்லை, வியாபாரத்தை யாரும் தடுக்க முடியாது.

நான் திரும்பத் திரும்பப் படித்தது 1613 லண்டன் பேச்சுவார்த்தையை. டச்சுத் தூதுக்குழுவில் ஒருவராக அங்கே போகிறார். மசாலாத் தீவுகளில் எங்களை ஏன் விடவில்லை என்று ஆங்கிலேயர்கள் அதே நூலை அவர் முன்னாலேயே நீட்டுகிறார்கள். தீவுக்காரர்கள் எங்களோடு ஒப்பந்தம் போட்டுவிட்டார்கள், அதை மதிக்க வேண்டும் என்கிறார் மனுஷன்! கட்சிக்காரர் அதே கம்பெனிதான், வாதம் மட்டும் வேறு. எங்கள் ஆபீஸில் டெமரேஜ் (தாமதக் கட்டணம்) யார் கட்டுவது என்று கடிதம் எழுதுகிறவர்களுக்கு இது புதிதல்ல.

1619இல் ஆயுள் சிறை, 1621இல் மனைவி மரியா அவரைப் புத்தகப் பெட்டிக்குள் வைத்துத் தப்பிக்க விட்டது எல்லாம் விறுவிறுவென்று போகிறது. 1625இல் பாரிஸிலிருந்து போர், சமாதானச் சட்டம் பற்றிய பெரிய நூல். அதற்கு மேல் இழுவை. சுவீடனின் தூதராகப் பிரான்சில் பத்து வருடம் இருந்தார். ஊர்வலத்தில் யார் முன்னால் போவது என்ற சண்டைக்கு இத்தனை பக்கமா?

என் பெரிய மனத்தாங்கல் ஜொகூர். நட்பு அரசரான ஜொகூர் சுல்தானுக்காக நடத்திய போர் இது என்பது க்ரோஷியஸின் முக்கியமான வாதங்களில் ஒன்று. அப்படிப்பட்ட சுல்தானுக்கு இந்தப் புத்தகத்தில் ஒரு பத்தி!

வாங்குமுன் பக்கங்களைப் புரட்டிப் பாருங்கள். என்னுடையதில் ஈரத்தில் சில தாள்கள் ஒட்டிக் கிழிந்தன. காசாகக் கொண்டு போங்கள். வெள்ளிக்கிழமை தொழுகை நேரத்தில் கடை பூட்டியிருக்கும்.