எச்.டி. என்று சொல்லி எஸ்.டி. பாக்ஸை மாட்டிவிட்டார்: டிவியின் பின்பக்கத்தை ஒருமுறை பாருங்கள்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீடு. 2023 அக்டோபரில் 43 அங்குல டிவி வாங்கினோம். தெருவுக்குக் கேபிள் இணைப்பு கொடுப்பவர், எச்.டி. (கூடுதல் துல்லியப் படம்) பாக்ஸ் தருவதாகச் சொல்லி 1,600 ரூபாய் வாங்கிக்கொண்டார். மாதக் கட்டணத்திலும் எச்.டி. என்று 100 ரூபாய் கூடுதல். ரசீது கேட்டால், "எல்லாம் கம்ப்யூட்டரில் ஏறிவிடும் சார்" என்றார்.

முதல் நாளே படம் திருப்தியாக இல்லை. முகங்களில் மெழுகு பூசியது போல இருக்கும். கிரிக்கெட்டில் பந்து ஓடினால் புல்தரை பச்சைச் சேறாகக் கலங்கும். முதல் முறை சொன்னபோது, "உங்கள் டிவியின் பேனல் மட்டம்" என்றார். அடுத்த முறை, மழையில் ஒயருக்குள் தண்ணீர் போயிருக்கிறது என்று 450 ரூபாய்க்குப் புது ஒயர் இழுத்தார். படம் அப்படியேதான் இருந்தது.

இந்த ஒயர்க் கதையை யாரும் நம்ப வேண்டாம். பழைய அனலாக் காலத்தில் ஒயர் கெட்டால் படத்தில் புள்ளி விழும், நிழல் இரண்டாகத் தெரியும். டிஜிட்டலில் அப்படி இல்லை. சிக்னல் குறைந்தால் படம் கட்டம் கட்டமாக உடையும், உறைந்து நிற்கும், இல்லையென்றால் அடியோடு போய்விடும். எந்நேரமும் ஒரே சீராக மங்கலாக இருந்தால் கோளாறு தெருவிலிருந்து வரும் ஒயரில் இல்லை.

2024 நவம்பர் 29. ஃபெஞ்சல் புயல் நெருங்கிக்கொண்டிருந்தது. மறுநாள் இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. என் அம்மா 2011 தானே புயலில் ஓட்டுக்கூரையைப் பறிகொடுத்தவர். டிவியின் அடியில் ஓடும் செய்தி வரியை, நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுப் படித்துக்கொண்டிருந்தார். "துறைமுகத்தில் எத்தனையாம் எண் கூண்டுடா? மூன்றா, எட்டா?" என்று கேட்டார். நானும் கிட்டே போய்ப் பார்த்தேன். எண்ணின் ஓரங்கள் கரைந்து, இரண்டில் எது என்று என்னாலும் சொல்ல முடியவில்லை. புயல் எச்சரிக்கைக் கூண்டில் மூன்று என்றால் முன்னெச்சரிக்கை, எட்டு என்றால் பெரும் அபாயம்; இரண்டுக்கும் இடையே எவ்வளவு தூரம் என்று கடலூரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அந்த நேரத்தில் எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை.

டிசம்பரில் முத்தியால்பேட்டையிலிருந்து அக்கா மகன் வந்தான். டிவியை நகர்த்திப் பின்னால் பார்த்துவிட்டு, "மாமா, மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஒயர்தான் இருக்கிறது. இதில் எச்.டி. வரவே வராது" என்றான். பாக்ஸைத் திருப்பினோம். எச்.டி. படத்தைக் கொண்டுபோகும் எச்.டி.எம்.ஐ. ஒயரைச் செருகத் துளையே கிடையாது. பதினான்கு மாதம் எச்.டி. பணம் கட்டி, சாதாரணத் தரமான எஸ்.டி. பார்த்திருக்கிறோம்.

டிஜிட்டல் என்றாலே எச்.டி. என்று பலரும் நினைக்கிறோம். ஏமாற்றுபவர்களுக்கு அதுதான் வசதி. நாட்டின் கேபிள் முழுவதும் 2017 மார்ச் 31-க்குள் டிஜிட்டலாக வேண்டும் என்று கெடு வைத்தார்கள். ஆனால் பெரும்பாலான சேனல்கள் எஸ்.டி.யாகவும் வந்துகொண்டிருக்கின்றன. எஸ்.டி. படத்தில் 576 வரிகள், எச்.டி.யில் 1080. முன்பு ஒரு சேனலுக்கான அலைவரிசையில் இப்போது பத்துக்கும் மேற்பட்டவற்றை அமுக்கி அனுப்ப முடிகிறது. அதிகமாக அமுக்கினால் எழுத்தின் ஓரங்கள்தான் முதலில் கரையும். அதைப் பெரிய திரையில் விரித்தால் குறை பளிச்சென்று தெரியும்.

ஒரே சேனலின் எஸ்.டி., எச்.டி. எண்களை அடுத்தடுத்துப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். எச்.டி. எண்ணில் படம் வராவிட்டால் பணம் கொடுக்காதீர்கள். பாக்ஸிலிருந்து டிவிக்கு எச்.டி.எம்.ஐ. ஒயர் போக வேண்டும். ஆனால் அந்த ஒயர் இருப்பது மட்டும் போதாது, எஸ்.டி. பாக்ஸிலும் சிலவற்றில் அந்தத் துளை உண்டு.

ஜனவரியில் கேபிள்காரர் பாக்ஸை மாற்றிக் கொடுத்தார். கூடுதலாக வாங்கிய 1,400 ரூபாய்க்கும் ஒயர்ப் பணத்துக்கும் பதில் இல்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுத்திருக்கிறேன். எங்கள் தெருவில் அவரிடம் "எச்.டி." வாங்கிய மூன்று வீடுகளில் போய்ப் பார்த்தேன். மூன்றிலும் மஞ்சள் ஒயர்தான் செருகியிருக்கிறது.