1947-இல் பிறந்த மூன்று புறநகர்கள்

இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு பல நாடுகளை ஒரே நெருக்கடி பிடித்தது: குடியிருக்க வீடு போதவில்லை. 1947 என்ற ஒரே ஆண்டில் மூன்று இடங்களில் மூன்று விதமான பதில்கள் வந்தன. அமெரிக்காவில் நியூயார்க்கை ஒட்டிய லாங் ஐலண்டில், லெவிட்டவுன் என்ற புதிய புறநகருக்கு முதல் குடும்பங்கள் குடிவந்தன. பிரிட்டன் நகர, கிராமத் திட்டமிடல் சட்டத்தை நிறைவேற்றியது. டென்மார்க்கின் தலைநகர் கோபன்ஹேகனை விரித்த கை போல வளர்க்கும் விரல் திட்டம் வெளியானது. இன்றும் எந்த நகரத்தின் ஓரத்தில் வயல் மனையாக மாறினாலும், இந்த மூன்றில் ஒன்றின் சாயல் அதில் தெரியும்.

புறநகர் என்றாலே வீடு எத்தனை சதுர அடி என்றுதான் பேச்சு தொடங்குகிறது. நான் வேறு ஒன்றைப் பார்ப்பேன்: வாசலில் இறங்கிப் பத்து நிமிடம் நடந்தால் எங்கே போய்ச் சேரலாம்?

லெவிட்டவுனில் அந்தப் பத்து நிமிடம் பெரும்பாலும் இன்னும் பல வீடுகளைத்தான் கடக்க வைக்கும். உருளைக்கிழங்கு விளைந்த வயலில் 1951-க்குள் 17,000-க்கும் அதிகமான வீடுகள் எழுந்தன. ஒரு குழு ஒரே வேலையை வீடு வீடாகச் செய்துகொண்டே நகர்ந்ததால், உச்சத்தில் நாளுக்கு 30 வீடுகள்கூட முடிந்தன. போரிலிருந்து திரும்பி, பெற்றோர் வீட்டில் ஒண்டிக்கொண்டிருந்த இளம் குடும்பங்களுக்கு அது பெரிய வாழ்வு. அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் கறுப்பினக் குடும்பங்களுக்கு அந்த வாழ்வை மறுக்கும் நிபந்தனையும் ஒப்பந்தத்திலேயே இருந்தது. அந்தக் கறையை விட்டுவிட்டு லெவிட்டவுனைப் பாராட்டக் கூடாது. இன்னொரு குறை மண்ணிலேயே இருக்கிறது. 60 அடிக்கு 100 அடி மனை, வளைந்து வளைந்து போகும் தெரு. கார் இருப்பவருக்கு அது சொர்க்கம். கார் ஓட்டாத பிள்ளைக்கும் முதியவருக்கும் யாராவது ஏற்றிக்கொண்டு போனால்தான் உண்டு.

பிரிட்டன் நேர் எதிர்த் திசையில் யோசித்தது. நிலம் உன்னுடையதாக இருக்கலாம், அதில் கட்டும் உரிமை அனுமதி பெற்றால்தான் என்றது 1947 சட்டம். 1938-லேயே லண்டனைச் சுற்றி வெற்று நிலத்தைக் காக்கத் தொடங்கியிருந்தார்கள். புதிய சட்டமும் 1955-இல் வந்த அரசுச் சுற்றறிக்கையும் சேர்ந்து அந்தப் பச்சை வளையத்தை வலுவாக்கின. இன்று அது சுமார் 5,000 சதுர கிலோமீட்டர். நகரம் ஒரு கோட்டில் நின்றது, வயல் பிழைத்தது. சரி, மனிதர்கள் எங்கே போனார்கள்? வளையத்தைத் தாண்டிக் குதித்தார்கள். அப்பால் இருக்கும் ஊரில் வீடு, லண்டனில் வேலை, தினமும் இரண்டு தடவை அந்தப் பச்சையைக் கடக்கும் பயணம். உள்ளே நிலம் கிடைக்காமல் வீட்டு விலை ஏறியதில் வளையத்துக்கும் பங்கு உண்டு. இத்தனைக்கும் நகரின் நடுவே இருப்பவருக்கு அந்தப் பசுமை எட்டாத தூரம்.

எனக்கு மனதுக்கு நெருக்கமானது கோபன்ஹேகன்தான். கையை விரித்து மேசையில் வையுங்கள். உள்ளங்கை பழைய நகரம். ஐந்து விரல்களும் ரயில் பாதைகள், வீடுகள் அவற்றை ஒட்டியே வரும். விரல்களுக்கு நடுவே உள்ள இடைவெளி வயல், காடு, புல்வெளி. விரல் ஒல்லியாக இருப்பதுதான் இதில் சூட்சுமம். ஒரு பக்கம் நடந்தால் ரயில் நிலையம், மறுபக்கம் நடந்தால் மரங்கள். வளையத்தில் பசுமை ஊரின் கடைசியில் கிடக்கிறது, இங்கே அது ஊருக்குள்ளேயே ஆப்பு மாதிரி இறங்குகிறது.

ஒரு சின்னக் கணக்கு போடலாம். பத்து நிமிட நடை என்றால் ஏறக்குறைய 800 மீட்டர். ரயில் நிலையத்தை நடுவில் வைத்து அந்தத் தூரத்துக்கு வட்டம் போட்டால் சுமார் 200 ஹெக்டேர். தெரு, பள்ளி, கடை, பூங்காவுக்குப் பாதியை விட்டுவிடுவோம். மீதி நிலத்தில் லெவிட்டவுன் அளவு மனை போட்டால் ஏறக்குறைய 1,800 குடும்பம். மனையைக் கால் பங்காக்கி, சுவர் ஒட்டிய வரிசை வீடுகள் கட்டினால் 7,000-ஐத் தாண்டும். முதல் கணக்கில் ரயில் காலியாக ஓடும். இரண்டாவதில் அடிக்கடி ரயில் விடும் அளவுக்குக் கூட்டம் இருக்கும், நிலைய வாசலில் கடைகளும் நிலைக்கும். ரயிலும் நெருக்கமான வீடும் ஒன்றையொன்று தாங்கும், தனித்தனியே நிற்காது.

விரல் திட்டத்திலும் ஓட்டை உண்டு. ஒரு விரலிலிருந்து பக்கத்து விரலுக்கு ரயிலில் போக வேண்டுமானால் உள்ளங்கைக்கு வந்து திரும்ப வேண்டியிருந்தது. விரலிடுக்கில் கட்டிவிடலாமே என்ற ஆசையும் ஓயாது. 2007-இல் விரல் திட்டத்தை டென்மார்க் அரசின் தேசியத் திட்டமிடல் உத்தரவாக்கியதால்தான் அந்த இடைவெளிக்கு உறுதியான காவல் கிடைத்தது.

அப்புறம் பணம். ரயில் வரப்போகிறது என்ற செய்தி கசிந்தாலே பக்கத்து நிலத்தின் விலை எகிறும். அந்த லாபம் யாருக்கு? பிரிட்டனின் 1947 சட்டம், கட்ட அனுமதி கிடைப்பதால் ஏறும் மதிப்பு முழுவதையும் அரசே எடுத்துக்கொள்ளும் என்றது. லாபம் இல்லாமல் யார் விற்பார்? நில உரிமையாளர்கள் விற்காமல் காத்திருந்தார்கள், சில ஆண்டுகளிலேயே அந்தக் கட்டணம் ரத்தானது. ஜப்பானில் கோபயாஷி இச்சிஸோ 1910-லேயே வேறு வழி கண்டார். ஒசாகாவிலிருந்து ரயில் பாதை போட்ட அவருடைய நிறுவனமே பாதையோர நிலத்தையும் வாங்கி, வீடு கட்டி, மாதத் தவணையில் விற்றது. வீடு வாங்கியவர் மறுநாள் அதே ரயிலில் பயணியாக ஏறினார்.